மோக்லி யாரிடம் போனான்?

முப்பது ஆண்டுகளின் பின் கொலோன் நகரத் திரையரங்கில் மூன்று தலைமுறையினர் ஒன்றாய்க் கண்ட படம்

பிள்ளைப் பருவத்தில் மனதைக் கொள்ளைகொண்ட ஒரு திரைப்படத்தை வளர்ந்த பின் மீண்டும் பார்ப்பதற்குச் சிறிது துணிவு வேண்டும். ஊருக்குப் போய்த் திரும்பியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம்: சிறுவயதில் கடலெனத் தோன்றிய கோயிற் கேணி இப்போது ஒரு முற்றத்தின் அளவே என்று. திரைப்படங்களுக்கும் அதே கதி நேர்வதுண்டு. ஆகவே, நினைவில் அழகாயிருப்பதை அங்கேயே விட்டுவிடுவது நல்லது என்று எண்ணுவோரும் உளர்.

2023ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு முற்பகல், கொலோன் நகரிலுள்ள சிறிய திரையரங்கொன்றில் அந்தத் துணிவுடன் சென்று அமர்ந்தேன். ஒரு புறம் ஒன்பது வயது மகள். மறுபுறம் எழுபத்து மூன்று வயதுடைய என் தாயார். வோல்ற் டிஸ்னி நிறுவனம் தொடங்கி நூறு ஆண்டுகள் நிறைந்த ஆண்டு அது. திரையிடப்பட்ட படம், ஆங்கிலத்தில் 'ஜங்கிள் புக்' என்றும் ஜேர்மன் மொழியில் 'டாஸ் ஜுங்கல்பூஹ்' என்றும் வழங்கும் கேலிச்சித்திரப் படம். ஓநாய்களால் வளர்க்கப்பட்ட மோக்லி என்னும் சிறுவனின் கதை. எம்மவர் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் இப்படத்தை ஒருமுறையேனும் பாராதவர்கள் குறைவு எனலாம்.

அன்று படம் முடிந்தபோது எங்கள் மூவரிடமும் மூன்று வெவ்வேறு கேள்விகள் இருந்தன. அவற்றைப் பற்றியதே இக்கட்டுரை.

ஜேர்மனி தத்தெடுத்த படம்

இப்படம் 1967 ஒக்ரோபரில் அமெரிக்காவில் வெளியானது. அதைத் தொடக்கிவைத்த வோல்ற் டிஸ்னி, படம் நிறைவுறுமுன் 1966 டிசெம்பர் 15 அன்று காலமானார். இயக்கியவர் வூல்ப்காங் றைதர்மன். மோக்லிக்குக் குரல் கொடுத்த சிறுவன் அவருடைய மகனே.

1968 டிசெம்பரில் அது ஜேர்மனிக்கு வந்தது. வேறெந்த நாட்டிலும் காணாத வரவேற்பு இங்கே கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் திரையிடப்பட்டு, இந்நாட்டுத் திரையரங்குகளில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுக்களை விற்றது. இந்நாட்டில் மிக அதிகமானோர் திரையரங்குக்குச் சென்று பார்த்த படங்களின் வரிசையில் முதலிடம் பெறுவது இதுவே. தாத்தா பார்த்தார், தந்தை பார்த்தார், பேரப்பிள்ளையும் பார்த்தான் என்று இங்குள்ள குடும்பங்கள் சொல்லிக்கொள்ளும் படம்.

இவ்வரவேற்புக்கு ஜேர்மன் குரற்பதிவும் ஒரு காரணம் என்பர். ஹைன்றிஷ் றீத்முல்லர் என்பவர் உரையாடல்களையும் பாடல்களையும் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், ஜேர்மன் நாவுக்கும் காதுக்கும் ஏற்றபடி புதிதாக எழுதினார். பலூ என்னும் கரடி ஆங்கிலத்தில் பாடுவது, உயிர்வாழப் போதுமான அத்தியாவசியத் தேவைகளைப் பற்றி. ஜேர்மன் மொழியில் அது 'கெமூற்லிஹ்கைற்' பற்றிய பாட்டாகிவிட்டது. இச்சொல்லுக்குத் தமிழில் ஒற்றைச் சொல் தேடுவது கடினம். அவசரமின்மை, மனநிறைவு, வீட்டின் கதகதப்பு, கூடியிருக்கும் சுகம் ஆகிய யாவும் சேர்ந்தது அது.

அகதிக் குடும்பங்களாகிய எமக்கு இந்த வேறுபாடு விளங்கும். அத்தியாவசியத் தேவைகள் எவை என்பதை எமக்கு அலுவலகங்கள் பட்டியலிட்டுத் தந்தன. கட்டில், போர்வை, பாத்திரம், குளிர்ச்சட்டை. மற்றதை எந்த அலுவலகமும் தர இயலாது. அதை நாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

1993 டிசெம்பர்

நான் இப்படத்தை முதலில் கண்டது 1993 டிசெம்பரில். அப்போது எனக்கு எட்டு வயது. கொலோன் நகரின் ஓரத்தில் இருந்த ஹைமில் எமது குடும்பத்துக்கு ஓர் அறை. தளத்துக்கு ஒரு சமையலறை. குர்திஷ் குடும்பங்களும் பொஸ்னியக் குடும்பங்களும் நாமும் அடுப்புக்கு முறை வைத்துச் சமைத்தோம். கேஸ் முடிவாகவில்லை. குறிக்கப்பட்ட எல்லையைத் தாண்டிப் பயணிப்பதற்கு அனுமதிக் கடிதம் பெறவேண்டிய காலம்.

அவ்வாண்டு பெரியவர்களுக்கு அச்சம் நிறைந்த ஆண்டாயிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். மே 26 அன்று பொன் நகரில் கூடிய நாடாளுமன்றம், அரசியலமைப்பில் அடைக்கல உரிமை பற்றிக் கூறும் சரத்தைத் திருத்திக் குறுக்கியது. மூன்று நாட்களின் பின், மே 29 அதிகாலையில், கொலோனுக்கு அண்மையிலுள்ள சோலிங்கன் நகரில் துருக்கியக் குடும்பமொன்றின் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. பெண்களும் சிறுமியருமாக ஐவர் மாண்டனர். நவம்பரில், அடைக்கலம் கோருவோர்க்கான உதவியைக் குறைத்து, காசாக அன்றிப் பொருளாகக் கொடுப்பதற்கு முதன்மை தரும் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. மறுபுறத்தில், 1992 நவம்பர் 9 அன்று இதே கொலோனின் குளோட்விக்பிளாற்ஸ் சதுக்கத்தில் இனவெறிக்கு எதிராக ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் திரண்டதையும் மறத்தல் ஆகாது. இந்நகரத்தைப் பற்றி அப்பா பேசும்போதெல்லாம் இரண்டையும் சேர்த்தே சொல்வார்.

ஹைம் பிள்ளைகளுக்கு டொச் படிப்பிக்க வாரந்தோறும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வருவார். நத்தாருக்கு முந்திய வாரம் அவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் ரிக்கற் வாங்கி வந்தார். துணைக்கு வரும் பெற்றோருக்கும் இருந்தது. பிள்ளைகளை மட்டும் அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு தானும் வந்தார். அரங்கினுள் நடுவில் நல்ல இருக்கைகள் வெறுமையாக இருக்க, வெளிவாசலுக்கு அருகில் ஓரத்து இருக்கைகளைத் தெரிந்தெடுத்தார்.

"வாசல் எங்கை இருக்கெண்டு முதலிலை பாத்து வை, பிள்ளை," என்றார்.

விளக்கு அணைந்தது. வாழ்வில் அவ்வளவு பெரிய பச்சையை நான் கண்டதில்லை. ஹைமைச் சுற்றிச் சீமெந்தும் பனியும். திரையிலோ அருவியும் கொடியும் வாழையும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதுவே ஊர் என்று தோன்றிற்று. "அப்பா, இதுவா எங்கடை வன்னி?" என்று கேட்டேன். அப்பா பிறந்தது வன்னியின் காட்டோரக் கிராமமொன்றில். அவர் சிரித்தார். பலூ ஆடிப்பாடிக்கொண்டு வந்தபோது சிரிப்பு நின்றது.

"உந்தக் கரடியை நம்பாதை. பாலைப்பழக் காலத்திலை கரடியிட்டை அகப்பட்டவன்ரை முகத்தை நான் பாத்தனான்."

அவர் கூறியதில் மிகையில்லை. பாலை பழுக்கும் காலத்தில் எமது காடுகளில் கரடிகள் மரமேறிப் பழம் தின்னும். தேனெடுக்கவும் விறகு தறிக்கவும் செல்வோர் யானையிலும் சிறுத்தையிலும் கூடுதலாகக் கரடிக்கே அஞ்சுவர். திடீரென மனிதரை எதிர்கொண்டால் அது முகத்தையே தாக்கும். அத்தகைய விலங்கை உலகத்துப் பிள்ளைகள் யாவரும் கட்டியணைக்க விரும்பும்படி செய்துவிட்டது இப்படம்.

கதையின் இறுதிப் பகுதியில் மின்னல் தாக்கிக் காய்ந்த மரமொன்று பற்றியெரியும். மோக்லி எரியும் கிளையொன்றை எடுத்து ஷேர்கான் என்னும் புலியின் வாலில் கட்டி அதைத் துரத்துவான். அரங்கிலிருந்த பிள்ளைகள் எல்லாரும் கைதட்டினர். அப்பாவின் கை என் கையை இறுகப் பற்றியிருந்தது. கதையின் விறுவிறுப்பில் பற்றினார் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

கரடியின் குரலில் கற்ற மொழி

அன்று அம்மாவுக்கு டொச் ஒரு சொல்லும் தெரியாது. "உது என்ன சொல்லுது? குரங்கு என்ன கேக்குது?" என்று என் காதில் கேட்டுக்கொண்டேயிருந்தார். நான் இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம், "சும்மா பாருங்கோ அம்மா," என்று சினந்தேன். அதன்பின் அவர் கேட்கவில்லை. முப்பது ஆண்டுகளில் எத்தனையோ இடங்களில் அவருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். மருத்துவரிடம், பாடசாலையில், வீசாக் கந்தோரில். மறுத்தது அந்த ஒரு நாள்தான். அது மறக்கவில்லை.

எம்மில் பலர் இம்மொழியைக் கற்றது இப்படித்தான். கொலோன் நகரின் டபிள்யூ.டி.ஆர். ஒளிபரப்பு நிலையம் 1971 முதல் நடத்திவரும் 'எலியுடன் நிகழ்ச்சி'யை ஞாயிறு முற்பகல்களில் பார்க்காத அகதிப் பிள்ளை உண்டா? நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அன்றைய உள்ளடக்கத்தை ஒருமுறை ஜேர்மன் மொழியிலும், மறுமுறை ஏதோவோர் அந்நிய மொழியிலும் சொல்வார்கள். வாராவாரம் மொழி மாறும். தமிழ் வருமென்று நான் காத்திருந்தேன். நான் பார்த்த ஞாயிறுகளில் வரவில்லை.

பலூவின் குரலுக்குரியவர் எட்கார் ஒற் என்னும் நடிகர். சந்தையில் சில மார்க்குகளுக்கு வாங்கிய பழைய ஒலிநாடாக்களில் பேசிய 'பெஞ்சமின் புளூம்ஷன்' என்னும் யானையின் குரலும் அவருடையதே. கரடியும் யானையும் ஒரே குரலில் பேசுவதைக் கண்டுபிடித்த நாளில், நெருங்கிய உறவினர் ஒருவரை எதிர்பாராத தெருவிற் கண்டதுபோல் மகிழ்ந்தேன். அவர் 1994 பெப்ரவரியில் காலமானார். நான் திரையரங்கில் அவர் குரலைக் கேட்டு அப்போது இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. எமது நாவில் இன்று ஓடும் ஜேர்மன் மொழியில் அவர் குரலின் ஏற்ற இறக்கமும் ஓரளவு கலந்திருக்கக்கூடும்.

இனி 2023. அம்மா இருபது ஆண்டுகள் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். இம்முறை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு முன்னரே சிரித்தார். ஷேர்கான் புலி, பாம்பிடம் மிகுந்த மரியாதையுடன், மெத்தெனப் பேசி விசாரிக்கும் காட்சியொன்று உண்டு. கழுத்தைப் பிடிக்கும்போதும் பண்பு குன்றாத குரல். அதைக் கேட்டு அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"உவன் அச்சொட்டாக அந்தக் கந்தோர்க்காரன்தான். இல்லையெண்டு சொல்லேக்கையும் வலு மரியாதை!"

ஒரு படத்தை அவர் முழுமையாகக் கண்டு சிரிப்பதற்கு முப்பது ஆண்டுகள் சென்றன.

பம்பாயில் பிறந்த பிள்ளை

இக்கதையின் மூல ஆசிரியர் றட்யார்ட் கிப்ளிங். ஆங்கில ஆதிக்கத்தைப் போற்றியவர் என்ற குற்றச்சாட்டுக்கு உரியவர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவருடைய இளமைக் கதை எம் பிள்ளைகளின் கதையோடு ஓரிடத்தில் உராய்கிறது.

1865இல் பம்பாயில் பிறந்த அவர், வீட்டுப் பணியாளரிடம் இந்துஸ்தானி பேசியே வளர்ந்தார். பெற்றோரிடம் அழைத்துச் செல்லுமுன், இனி ஆங்கிலத்தில் பேசவேண்டும் என்று பணியாளர் நினைவூட்டுவராம். தாம் எண்ணியதும் கனவு கண்டதும் வேறு மொழியில் ஆதலால், தட்டுத்தடுமாறி மொழிபெயர்த்துப் பேசியதாகத் தமது வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். அறையின் வாசற்படியில் மொழி மாறும் அந்தப் பிள்ளையை எமக்குத் தெரியும். எமது வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே டொச்சையும் கழற்றிவைக்கச் சொல்லி எத்தனை முறை பிள்ளைகளிடம் கூறியிருப்போம்!

ஐந்து வயதில் கிப்ளிங்கையும் தங்கையையும் பெற்றோர் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று, அந்நியக் குடும்பமொன்றிடம் விட்டுத் திரும்பினர். அங்கே அவர் பட்ட துன்பம் வாழ்நாள் முழுதும் ஆறவில்லை. பின்னாளில், 1894இல் வெளியான இக்கதைகளை அவர் எழுதியது இந்தியக் காட்டில் அன்று, அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்தில், பனி சூழ்ந்த வீட்டில் இருந்தபடி. நெடுந்தூரத்திலிருந்து நினைத்துப் பார்க்கும்போது காடு மேலும் பசுமையாகத் தெரியும் போலும்.

மூலக்கதையில் முடிவு இனிமையானது அன்று. ஓநாய்க் கூட்டம் மோக்லியைத் துரத்துகிறது. மனிதரின் ஊருக்குப் போகிறான். அங்கேயும் சூனியக்காரன் என்று கல்லெறிந்து துரத்துகின்றனர். காடும் ஊரும் கதவடைக்க, இரண்டுக்கும் நடுவே நிற்கிறான். பின்னர் வரும் கதையொன்றில், யானைகளின் துணையுடன் அந்த ஊரையே காடு மூடும்படி செய்கிறான்.

படத்துக்கு முதலில் கதை அமைத்த பில் பீற் என்பவர் இக்கடுமையை ஓரளவு பேணவே விரும்பினார். டிஸ்னி அதை ஏற்கவில்லை. கருத்து மோதலின் பின் பீற் நிறுவனத்தை விட்டு விலகினார். புதிதாக வந்த எழுத்தாளரிடம் டிஸ்னி புத்தகத்தைக் கொடுத்து, முதல் வேலையாக இதை வாசிக்காதிருங்கள் என்று கூறியதாகச் சொல்வர். அதனாற்றான் இந்தியக் காட்டில் இல்லாத ஒறாங்குற்றான் குரங்கு அங்கே அரசனாகியது. 'அது போர்ணியோவிலும் சுமாத்திராவிலும் அல்லவா இருப்பது!' என்று என் மகள் அரங்கிலேயே திருத்தினாள். கொலோன் விலங்கியற் பூங்காவுக்குப் போய்வரும் பிள்ளைகளை இலகுவில் ஏமாற்ற இயலாது.

பெருந்திரையில் தெரிந்த கோடுகள்

தொலைக்காட்சியிலும் ஒளிநாடாவிலும் இடைக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். பெருந்திரையில் மட்டும் புலப்படுவது ஒன்றுண்டு. கதைமாந்தரின் உருவங்களைச் சுற்றி பென்சிற் கோடுகளின் பிசிறு தெரிகிறது.

அக்காலத்தில் ஒவ்வோர் அசைவையும் மனிதர் கையாலேயே வரைந்தனர். முன்னர், ஓவியர் வரைந்த கோட்டை வேறொருவர் ஒளிபுகும் தாளில் மையினால் வழுவழுப்பாகப் படியெடுப்பார். 1961இல் வெளியான 'நூற்றியொரு டல்மேசியன்' படம் முதல், படியெடுக்கும் பொறியினால் பென்சில் ஓவியம் நேரடியாகவே பதிக்கப்பட்டது. செலவு குறைந்தது. ஆனால் ஓவியரின் கை நடுக்கமும் திருத்தமும் அப்படியே தங்கிவிட்டன. 78 நிமிடப் படம், நொடிக்கு 24 சட்டங்கள். ஏறத்தாழ ஓர் இலட்சத்துப் பன்னீராயிரம் சட்டங்கள். பெரும்பாலும் ஓர் ஓவியம் இரண்டு சட்டங்களுக்குப் பயன்படும் என்று கொண்டாலும், எத்தனை கைகள், எத்தனை நாட்கள்!

பலூவின் முதுகில் அக்கோடுகள் நெளிவதைக் கண்டபோது, சிறுவயதில் முழுமையாகத் தோன்றியது உண்மையில் பலர் அழித்து அழித்து எழுதியது என்பது விளங்கிற்று. எமது பிள்ளைப் பருவமும் அவ்வாறே அமைக்கப்பட்டது. அம்மாவும் அப்பாவும் அச்சத்தையும் கடனையும் மறைத்து எமக்கு வழுவழுப்பான ஒரு படத்தையே காட்டினர். கோடுகள் இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகின்றன.

இதையும் சொல்லவேண்டும். அன்று அரங்கில் நான் தெரிந்தெடுத்த இருக்கைகள் வெளிவாசலுக்கு அருகில் இருந்தன. அமர்ந்த பிறகே அதை உணர்ந்தேன்.

மூன்று கேள்விகள்

படத்தின் முடிவை வாசகர்கள் அறிவர். பகீரா என்னும் கருஞ்சிறுத்தை, மோக்லியை அவனுடைய இனத்தாரிடம் சேர்க்கவேண்டும் என்று தொடக்கம் முதலே பிடிவாதமாயிருக்கும். காடே என் வீடு என்பான் மோக்லி. இறுதியில் ஊரின் எல்லையில் தண்ணீர் அள்ள வரும் சிறுமியொருத்தியைக் கண்டு, அவள் தவறவிட்ட குடத்தைச் சுமந்துகொண்டு அவள் பின்னே போய்விடுகிறான். ஒருமுறை திரும்பிப் பார்த்துத் தோளைக் குலுக்குவதோடு சரி.

1993இல் அவ்விடத்தில் நான் விம்மி அழுதேன். பலூவை விட்டு எப்படிப் போகலாம்? அப்பாவோ நிமிர்ந்து உட்கார்ந்து, "பாத்தியே, கடைசியிலை தன்ரை ஆக்களிட்டைப் போட்டான்," என்றார். அந்த ஒரு வசனத்தில் அவருக்கு இருந்த மகிழ்ச்சி எனக்குக் கோபமூட்டியது. இருவரும் ஒரே படத்தைத்தான் பார்த்தோம். அவர் கண்டது ஊர் திரும்புதல். நான் கண்டது பிரிதல். எம் வீடுகளில் பல ஆண்டுகள் நடந்த வாக்குவாதமும் இதுவே அல்லவா? பெற்றோர் பகீராவாக நின்று ஊரைக் காட்டினர். பிள்ளைகள் இங்கேயே வேரோடிவிட்டனர்.

அப்பா ஒரே ஒருமுறை போனார். போர்நிறுத்த காலத்தில், ஏ-9 வீதி திறந்திருந்த 2003இல். மூன்று கிழமை என்று சென்றவர் பன்னிரண்டாம் நாளே திரும்பி வந்தார். வீட்டைப் பற்றிக் கேட்டபோது, "காடு பிடிச்சிட்டுது," என்று மட்டும் சொன்னார். கிணற்றைக் கண்டுபிடிக்கவே அரைநாள் ஆனதாம். அதன்பின் ஊருக்குப் போவது பற்றி அவர் பேசியதில்லை. 2016இல் இந்நகரிலேயே கண்மூடினார். கிப்ளிங்கின் கதையில் ஊரைக் காடு மூடுவதை வாசித்தபோதெல்லாம் எனக்கு அந்தக் கிணறே நினைவுக்கு வருகிறது.

2023இல் என் மகள் அழவில்லை. விளக்கு எரிந்ததும் அவள் கேட்டது இதுதான்: "அவன் ஏன் போகவேண்டும்? அங்கே அவனுக்கு ஒருவரையும் தெரியாதே. அவர்கள்தான் அவனுடைய ஆட்கள் என்று யார் முடிவு செய்தது?"

என்னிடம் விடை இல்லை. பகீரா என்று சொல்லலாம். அப்பா என்று சொல்லலாம். அவளுடைய கேள்வியில் எதிர்ப்பு ஒன்றும் இல்லை. உண்மையிலேயே அறிய விரும்பினாள்.

அம்மாவின் கேள்வி வேறு. திரையரங்கை விட்டு வெளியே வந்து றாமுக்குக் காத்து நின்றபோது, திடீரென்று கேட்டார்:

"அந்தத் தாய் ஓநாயிட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே?"

நினைத்துப் பார்த்தேன். படத்தின் தொடக்கத்தில் தாய் ஓநாய் குழந்தையை ஏற்றுத் தன் குட்டிகளோடு சேர்க்கிறாள். பத்து ஆண்டுகளின் பின், புலி திரும்பி வருகிறது என்பதால் சிறுவனை அனுப்பிவிட வேண்டும் என்று இரவில் பாறைமீது கூடிய ஓநாய்கள் முடிவெடுக்கின்றன. அங்கே தந்தை ஓநாய் கலங்குகிறது. தாயைக் காணவில்லை. அதன்பின் படம் முடியும்வரை அவள் வரவேயில்லை. எத்தனையோ முறை பார்த்தும் நான் கவனித்ததில்லை.

1985இல் பதினான்கு வயதான என் அண்ணாவை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்று எமது வீட்டில் முடிவான இரவைப் பற்றி அம்மா அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னார். பெரியப்பாவும் மாமாமாரும் திண்ணையில் கூடிப் பேசினார்களாம். கைக்குழந்தையான என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா குசினியில் தேநீர் ஊற்றினாராம். தேநீரைக் கொண்டுபோய் வைத்தபோது முடிவு எடுக்கப்பட்டிருந்தது. அக்காலத்தில் எம்மவர் பலர் வந்த வழியே அண்ணாவும் வந்தார். கிழக்கு பேர்லின் விமானநிலையம், அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பேர்லின். நாங்கள் 1991இல் வந்திறங்கியபோது, எதிரே நின்ற இருபது வயது இளைஞனை அடையாளம் தெரியாமல் அம்மா கடந்து சென்றுவிட்டார். அண்ணாதான் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அனுப்பினது பிழையெண்டு சொல்லேல்லை. இருந்திருந்தால் இருந்திருப்பானோ தெரியாது. ஆனால் என்னட்டை ஒருக்கால் கேட்டிருக்கலாம்," என்றார் அம்மா.

நான் டொச்சில் மகளுக்கு விளக்க முற்பட்டேன். தேவைப்படவில்லை. அவள் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேசாவிடினும் தமிழ் அவளுக்கு விளங்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பழைய படங்கள் திரையரங்குகளில் அவ்வப்போது மீண்டும் காட்டப்படுகின்றன. ஞாயிறு முற்பகல்களில் பிள்ளைகளுக்கெனச் சிறு அரங்குகளும் இவற்றை இடுவதுண்டு. வீட்டுத் தொலைக்காட்சியில் எதையும் எந்நேரமும் பார்க்கக்கூடிய இக்காலத்தில் இதற்கெனப் புறப்பட்டுப் போவது வீண்செலவு என்று தோன்றலாம். ஆனால் வீட்டில் ஒருவர் சமைப்பார், ஒருவர் தொலைபேசியில் இருப்பார், பிள்ளை தனியே பார்க்கும். இருட்டில், ஒரே வரிசையில், எழுந்து போக இயலாமல் மூன்று தலைமுறையினர் அமர்ந்திருக்கும் எழுபத்தெட்டு நிமிடங்கள் எமது வாழ்வில் அரிதாகவே வாய்க்கின்றன.

எனவே, பேரப்பிள்ளைகளோடு பாட்டன் பாட்டிமாரையும் அழைத்துச் செல்லுங்கள். மொழி விளங்காதே என்று விட்டுவிடாதீர்கள். அவர்கள் கேட்டால் அலுக்காமல் சொல்லுங்கள். படம் முடிந்ததும் நீதி கூற வேண்டாம். நீ என்ன கண்டாய் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். மோக்லி யாரிடம் போனான் என்பதற்கு எமது வீட்டிலேயே மூன்று விடைகள் கிடைத்தன. அவற்றில் எதையும் பிழையென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. தன்னவர்கள் யாரென்று மகள் தானே தேடித் தெரிந்துகொள்ளட்டும். அதுவரை எமது பக்கத்துக் கதையை அவளிடம் மறைக்காமல் சொல்லிவைப்பது எம் கடமை.

அன்று றாமில் ஏறி அமர்ந்ததும் அம்மா அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்தார். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "சாப்பிட்டியே?" என்று கேட்டார். ஐம்பத்திரண்டு வயது மகன் மறுமுனையில் ஏதோ சொல்ல, "சரி, பின்னேரம் வா, புட்டு அவிக்கிறன்," என்று கூறித் தொலைபேசியை வைத்தார்.